காந்தத்துக்கு லீவு கிடையாது

கரோல் பாக், புது தில்லி
4 டிசம்பர் 2005

ஜலஜா,

அன்புள்ள என்று தொடங்கக் கை வரவில்லை.

நேற்று ராஜகோபாலன் சார் அறைக்குக் கூப்பிட்டு ஒரு காகிதத்தை நீட்டினார். “சிலிக்கான் பொடியில் நாங்கள் கண்டதாகச் சொன்ன சிக்னல் பிழையானது. மாநாட்டுக்கு அனுப்பிய கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம்” என்று ஆங்கிலத்தில் நாலு வரி. கீழே மூன்று பேர் கையெழுத்துக்கு இடம். சார் போட்டுவிட்டார். உன் கையெழுத்தும் ஜெர்மனியிலிருந்து ஃபாக்ஸில் வந்து உட்கார்ந்திருந்தது, கடைசி எழுத்தில் எப்போதும் போடுவாயே அந்தச் சுழியோடு. பாக்கி இருந்தது என் இடம்.

“சைன் பண்ணிடும்மா. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

“எது சார் பிழை?”

“மாநாட்டுக்காரா சொல்லி இன்னொரு லேப்ல திரும்பத் திரும்பப் பண்ணிப் பார்த்துட்டா. ஒண்ணுமே இல்லை. கோடு தட்டையா கிடக்கு.”

“நான் பார்த்தேனே சார். ஜலஜாவும் பார்த்தாளே.”

“ஹம்சா, நீ கைக்குழந்தைக்காரி. ராத்திரி தூக்கம் கிடையாது. கவனம் கொஞ்சம் இப்படி அப்படிப் போகத்தான் போகும். யாரும் உன்னைத் தப்பா நினைக்க மாட்டா.”

யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள் என்றால் எல்லோரும் ஏற்கெனவே நினைத்து முடித்துவிட்டார்கள் என்று அர்த்தம். காகிதத்தை அவர் மேஜையிலேயே வைத்து, “போட மாட்டேன் சார்” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் முடிவுவரை தவணை. அதற்குள் கையெழுத்துப் போட்டால் மற்ற அத்தியாயங்களை வைத்து ஆய்வேட்டை முடித்துக்கொள்ளலாமாம். போடாவிட்டால் ஃபெலோஷிப் நீட்டிப்புக்கு அவர் சிபாரிசு செய்ய மாட்டார். வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

“ஒரு கோட்டுக்காகவா இவ்வளவு ரோஷம்?” என்று ஜெயராம் கேட்டார். புருஷனுக்காவது புரியட்டும் என்று சொல்லிப் பார்த்தேன். ஸ்கேன் மெஷினுக்குத் தெரிவதெல்லாம் உடம்பிலிருக்கும் தண்ணீர். உடம்பு முழுக்கத் தண்ணீர்தான், அதனால் பாதிப் படம் சாம்பலில் சாம்பல். ஆனால் உடம்பில் சிலிக்கான் என்பது இல்லாத மாதிரிதான். முன்கூட்டியே காந்தம் ஏற்றிய சிலிக்கான் பொடியை, கண்ணுக்கே தெரியாத நுண்துகளாக, ரத்தத்தில் செலுத்தினால் அது போகிற இடம் மட்டும் கரண்ட் போன தெருவில் ஒரு வீட்டு விளக்கு மாதிரித் தெரியும். அந்தக் காந்தத்தைப் பல்லாயிரம் மடங்கு ஏற்றுவதற்குக் கடுங்குளிரும் மைக்ரோவேவும் வேண்டும். அது அடுத்த படி. முதலில் தெரிய வேண்டியது ஒன்றுதான்: ஏற்றியது நிற்குமா? தண்ணீர் சில நொடியில் மறந்துவிடும். நம் பொடி மறக்கவில்லை. அதைத்தான் நீ ஜெர்மனிக்குக் கிளம்புமுன், செப்டம்பரில், நீயும் நானும் திரையில் பார்த்தோம்.

“அப்படின்னா நீ சொல்றதுதான் சரி” என்றார் ஜெயராம். அவருக்குப் புரிந்ததா, சாப்பாடு ஆறுகிறதே என்று சொன்னாரா, தெரியாது. ஆனால் சொன்னார். நீ சொல்லவில்லை.

போனில் கேட்டதற்கு “நெட்வொர்க் சரியில்லை” என்று வைத்துவிட்டாய். லேப் கம்ப்யூட்டரில் மெயில் போட்டால் ஊரே படிக்கும். அதனால்தான் காகிதம், அதனால்தான் தமிழ். திரை முன்னால் நாற்காலியைத் தள்ளிவிட்டுக் குதித்தவள் நீ. எதை வைத்து அது பிழை என்று கையெழுத்துப் போட்டாய்? அதற்கு மட்டும் பதில் எழுது.

ஹம்சா


மைன்ஸ், ஜெர்மனி
17 டிசம்பர் 2005

டியர் ஹம்சா,

தமிழில் கடிதம் எழுதிப் பல வருஷமாச்சு. புசா ரோடு ஸ்கூல் தமிழ் டீச்சர் இதைப் பார்த்தால் என் காதைத் திருகுவார். தப்பு இருந்தால் சிரித்துக்கொள், சண்டையை மறக்க அதுவாவது உதவட்டும்.

எதை வைத்துக் கையெழுத்துப் போட்டேன் என்று கேட்கிறாய். கண்ணாடியை வைத்து.

பொடியை நாம் எதில் போட்டு மெஷினுக்குள் இறக்கினோம்? கண்ணாடிக் குழாயில். கண்ணாடி எதால் ஆனது? சிலிக்கானும் ஆக்ஸிஜனும். நீ பார்த்தது பொடியை இல்லை, குழாயைப் பார்த்திருக்கிறாய் என்கிறார்கள் அந்த லேப்காரர்கள். குழாயை வெளியே எடுத்து வைத்துவிட்டு, டீ குடித்துவிட்டு வந்து திரும்ப வைத்தோம், அப்போதும் சிக்னல் இருந்ததே என்று நீ துள்ளுவாய். அட, கண்ணாடி எங்கே போகும்? டீ குடித்துவிட்டு வந்தாலும் கண்ணாடி கண்ணாடிதானே. இதைச் சார் போனில் சொன்னபோது என்னிடம் பதில் இல்லை. உன்னிடம் இருந்தால் சொல்.

இன்னொன்றும் உண்டு, ஒளிக்கவில்லை. தில்லியில் ஒரு லெக்சரர் வேலைக்கு அப்ளை பண்ணியிருக்கிறேன். அப்பா ரிட்டயர் ஆகிறார், கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணும். ஒரே பெண் இங்கே பனியைத் தள்ளிக்கொண்டு நிற்கிறேன். இன்டர்வியூவில் “அந்தச் சிலிக்கான் சமாச்சாரம் என்னாச்சு” என்று எவனாவது கேட்பான். தப்பு நடந்தது, திருத்திக்கொண்டோம் என்று சொன்னால் நேர்மையானவள். இன்னும் சண்டை நடக்கிறது என்றால் பாகல், பைத்தியம்.

உனக்காக நான் ஒன்றும் செய்யாதவள் மாதிரி எழுதியிருக்கிறாய். அன்றைக்கு நீ மெஷினை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாய். மாநாட்டு ரிப்போர்ட்டில் அதை நீயே வெகுளியாக எழுதி வைத்திருந்தாய். அந்த வரியை அடித்தது யார்? “பார்த்தியா, தாயாரானால் இப்படித்தான்” என்று மாநாட்டுக் கமிட்டி உன்னைக் கிழிக்காமல் காப்பாற்றியது யார்? நினைத்துப் பார்.

சைன் பண்ணு. தீஸிஸை முடி. சோடோ, விட்டுத் தள்ளு.

உன் தாரிணிக்குட்டிக்கு ஒரு கம்பளித் தொப்பி வைத்திருக்கிறேன். இந்தக் கவரில் வராது.

ஜலஜா


கரோல் பாக்
8 ஜனவரி 2006

ஜலஜா,

பதில் கேட்டாயே, இந்தா பதில்.

பொடியைக் கொட்டிவிட்டு அதே காலிக் குழாயை வைத்து நான் அப்போதே பார்த்தேன். கண்ணாடியின் சிக்னல் யானை முதுகு மாதிரி, அகலமாக, மந்தமாக, வேறு இடத்தில் இருக்கும். நாம் பார்த்தது ஊசி. யானைக்கும் ஊசிக்கும் வித்தியாசம் தெரியாமலா எனக்கு எம்.எஸ்ஸி. கொடுத்தார்கள்?

அதை விடு. உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு வாரம் பொருமிக்கொண்டிருந்தேன். இந்தக் குளிரில் பால் உறையவே மாட்டேன் என்கிறது. காலையில் மூடியைத் திறந்தால் தண்ணீராக நிற்கிறது. உறை ஊற்றியது சரியில்லை என்று நேற்றைக்குக் கொட்டப் போனேன். பொன்னம்மாள் அக்கா (தாரிணியைப் பார்த்துக்கொள்ள வருகிறவர், உனக்குத்தான் தெரியுமே) கையைப் பிடித்தார். “ஏம்மா அவசரப்படுறீங்க? பங்குனி வெயிலா அடிக்குது? கெடக்கட்டும் விடுங்க.” மத்தியானம் பார்த்தால் கெட்டியாக நிற்கிறது.

கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவளுக்கு உன் கடிதம் ஞாபகம் வந்தது. அவர்களுக்கு ஒன்றுமே வரவில்லை, கோடு தட்டை என்றுதானே சொன்னார்கள்? சரி, நான் பார்த்தது கண்ணாடி என்றே வைத்துக்கொள். அவர்களும் பொடியைக் கண்ணாடிக் குழாயில்தானே போட்டார்கள்? அந்த யானை முதுகாவது அவர்கள் திரையில் தெரிந்திருக்க வேண்டாமா? அங்கே மட்டும் கண்ணாடி கண்ணாடி இல்லையா?

பொடியும் வரவில்லை, கண்ணாடியும் வரவில்லை என்றால் அவர்கள் காத்திருக்கவே இல்லை, ஜலஜா. குழாயை இறக்கினார்கள், தண்ணீருக்குக் காத்திருக்கிற மாதிரி ஐந்து பத்து நிமிஷம் நின்றார்கள், மூடியைத் திறந்து பார்த்துவிட்டு உறையவில்லை என்று கொட்டிவிட்டார்கள். மெதுவாக மறக்கிற பொருள் மெதுவாகத்தானே கற்றுக்கொள்ளும்? மணிக்கணக்கில் காந்தத்துக்குள் கிடந்தால்தான் அதற்கு ஏறும். ஏறிவிட்டால் அப்புறம் டீ குடித்துவிட்டு வந்தாலும் இறங்காது.

நாம் மட்டும் எப்படிப் பார்த்தோம்? நினைத்துப் பார். அன்றைக்குச் சாயங்காலம் குழாயை இறக்கினேன். உடனே பொன்னம்மாள் அக்கா டெலிபோன் பூத்திலிருந்து கூப்பிட்டார்: “பாப்பாவுக்கு ஒடம்பு அனலாக் கொதிக்குதும்மா, பால் வேணும்னு அழுது, புட்டிய வாயில வெச்சாத் துப்புது.” போட்டது போட்டபடி ஓடினேன். குழாய் ராத்திரி முழுக்கக் காந்தத்திலேயே கிடந்தது. மறுநாள் காலை வந்து அளந்தோம். ஊசி நின்றது.

நீ அடித்தாயே ஒரு வரி, அதுதான் சோதனையே. நம் ரிப்போர்ட்டில் “பொடி வைக்கப்பட்டது, அளக்கப்பட்டது” என்றுதான் இருக்கிறது. அவர்கள் அதைத்தான் செய்தார்கள். அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. எனக்கு அவமானம் வரக் கூடாதென்று நீ அடித்தாய். அந்த அவமானத்தில்தான் பதில் இருந்தது.

அவர்கள் எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள் என்று கேட்டு எழுது. அந்த வரியைத் திரும்பப் போட வேண்டும் என்று சாருக்கு நீயும் எழுது.

போன வாரம் தாரிணியை ஸ்கேனுக்குக் கொண்டுபோனோம். ஒரு பக்கச் சிறுநீரகம் வீங்கியிருக்கிறது, தெரியுமே. மயக்கம் கொடுத்து ஸ்கேன் மெஷினுக்குள் படுக்க வைத்தார்கள். படம் தெளிவாக வர ஒரு மருந்து ஏற்றுவார்கள். இவளுக்கு வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதை வெளியேற்ற வேண்டியதே அந்தச் சிறுநீரகம்தானாம். படம் சாம்பலாக வந்தது. “பயப்படும்படி இல்லை, கொஞ்ச மாசம் கழித்து இன்னொரு முறை பார்க்கலாம்” என்கிறார். இதற்காகத்தான் நான் பிடிவாதம் பிடிக்கிறேன் என்று நினைக்காதே. நம் பொடி மருந்தாக வருவதற்குள் அவளுக்குப் பேரன் பேத்தி வந்துவிடலாம். இவள் பிறக்காவிட்டாலும் ஊசி ஊசிதான். இருந்தாலும் அந்தச் சாம்பல் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறவளிடம் போய், நீ பார்த்தது பிழை என்று எழுதிக்கொடு என்றால் எப்படி இருக்கும் சொல்.

ஹம்சா


மைன்ஸ்
24 ஜனவரி 2006

ஹம்சா,

தாரிணி விஷயம் படித்துவிட்டு ஒரு நாள் வேலை ஓடவில்லை. அவளுடைய ஸ்கேன் ரிப்போர்ட்டை ஒரு காப்பி அனுப்பு, இங்கே ஒரு டாக்டரிடம் காட்டுகிறேன்.

மற்றதுக்கு வருகிறேன். கேட்டேன். ஐந்து நிமிஷம் காத்திருந்தார்களாம். “உங்க ரிப்போர்ட்டில் வேறே ஒன்றும் சொல்லவில்லையே” என்றார்கள்.

அச்சா, உன் தியரி சரியாகவே இருக்கலாம். ஆனால் இப்போது போய் என்ன எழுதுவது? “குழந்தைக்குப் பால் கொடுக்க ஓடினோம், அதனால் கண்டுபிடித்தோம்” என்றா? ஃப்ரேம் போட்டு மாட்டி வைத்துச் சிரிப்பார்கள். தோற்ற பிறகு காரணம் தேடுகிறாள் என்பார்கள். அந்த வரியை அடித்தது நான் என்று தெரிந்தால் எனக்கு லெக்சரர் வேலை இல்லை, லேபுக்குள் நுழையக்கூட விட மாட்டார்கள்.

கோபம் வரும், வந்தால் வரட்டும், ஒன்று சொல்கிறேன். நீ வீரம் பேசலாம். வேலை போனாலும் உனக்கு வீடு இருக்கு, ஜெயராம் இருக்கார். என் அப்பா அம்மா மூட்டை கட்டிக்கொண்டு எங்கே போவார்கள்? உனக்கு இது ரோஷம். எனக்கு இது வாழ்க்கை.

சார் உனக்கு மெஷின் தர மாட்டார். பேசாமல் சைன் பண்ணு.

ஜலஜா


கரோல் பாக்
12 பிப்ரவரி 2006

ஜலஜா,

உன் கடிதத்தை அடுப்பில் போட நினைத்தேன். ஸ்டாம்பைப் பார்த்துத் தாரிணி கையை நீட்டினாள், கொடுத்துவிட்டேன். இப்போது என் ரோஷம், உன் வாழ்க்கை எல்லாம் ஓரத்தில் எச்சிலோடு இருக்கிறது.

எனக்கு வீடு இருக்கிறது என்றாய். இருக்கிறது. அந்த வீட்டில் நான் என்னவாக இருப்பேன் என்பதுதான் கேள்வி. திருச்சியிலிருந்து கல்யாணமாகி வந்தபோது ஹிந்தி ஒரு வார்த்தை தெரியாது. காய்கறிக்காரரிடம் விரலைக் காட்டிப் பேசினேன். இந்த ஊரில் நானாக நின்று பேசிய ஒரே இடம் அந்த லேப். அங்கே ஒரு முறை, ஒரே முறை, யாரும் பார்க்காததைப் பார்த்தேன். அதைப் பிழை என்று எழுதிக்கொடுத்துவிட்டு வந்தால், அப்புறம் இந்தப் பெண்ணுக்கு நான் எதைச் சொல்லி வளர்ப்பேன்? உன் அம்மா சரியாகத்தான் பார்த்தாள், ஆனால் எல்லோரும் சொன்னதால் இல்லை என்றுவிட்டாள் என்றா? இதற்குப் பெயர் ரோஷம் என்றால் ரோஷமாகவே இருக்கட்டும்.

சார் மெஷின் தர மாட்டார் என்றாய். தந்துவிட்டார். கேள்.

நேராகப் போய்க் கேட்டேன். “இடம் எங்கே இருக்கு? அரைமணி அரைமணியா எல்லாருக்கும் பங்கு போட்டாச்சு. நீ ஒரு ராத்திரி பூரா கேட்கிறே” என்றார். மெஷினைப் பார்த்துக்கொள்கிற தர்மன் அண்ணன் அங்கே ரிஜிஸ்டரோடு நின்றிருந்தார். “சார், ஹோலிக்கு லேப் பூட்டியிருக்கும், ஆனா காந்தத்துக்கு லீவு கிடையாது. அணைக்கவும் முடியாது. அன்னிக்கும் நான் வந்து அதைக் குளிர வைக்க நைட்ரஜன் ஊத்தியே ஆகணும். சும்மா கெடக்குறதுல ஒரு குழாய் கெடந்தா என்ன சார்?” என்றார்.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சரி. வச்சுப் பாரு. ஆனா வரலைன்னா?”

“வரலைன்னா கையெழுத்துப் போடறேன் சார். உங்க எதிர்லயே.”

வாய் சொல்லிவிட்டது. வீட்டுக்கு வரும் பஸ்ஸில்தான் ஒவ்வொன்றாகத் தோன்றியது. பொடி ஈரம் பட்டிருந்தால்? குழாய் விரிசல் விட்டிருந்தால்? அன்றைக்குப் பார்த்து இவளுக்குக் காய்ச்சல் வந்தால்? ஹோலியன்று பஸ்ஸும் ஓடாது என்கிறார் ஜெயராம். கந்த சஷ்டி கவசத்தை இரண்டு தடவை சொன்னேன். நடுவில் வரிகள் மாறிப்போயின.

அந்தப் பொடியில் பாதி உன்னிடம் இருக்கிறது. சாம்பிளுக்கு என்று நீலமூடி பாட்டிலில் எடுத்துக்கொண்டு போனாயே. உன் லேபிலும் காந்தம் இருக்கும், அங்கேயும் பண்டிகை வரும். உன்னிடம் இனி எதுவும் கேட்பதில்லை என்றுதான் இருந்தேன். இதையும் கேட்கவில்லை. சொல்லி வைக்கிறேன்.

ஹம்சா


மைன்ஸ்
3 மார்ச் 2006

ஹம்சா,

இந்த ஊரில் கார்னிவல் என்று ஒன்று. ஹோலி மாதிரிதான், கலருக்குப் பதில் கோமாளி வேஷம். கிழவர்கள்கூட மூக்கில் சிவப்புப் பந்தை ஒட்டிக்கொண்டு தெருவில் ஆடுகிறார்கள். லேப் மூடி, ஆளில்லை.

வெள்ளிக்கிழமை நீலமூடி பாட்டிலை எடுத்தேன். நீ கேட்கவில்லை, சொல்லி வைத்தாய். நானும் நீ கேட்டாய் என்று செய்யவில்லை, சும்மா செய்தேன். குழாயை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

செவ்வாய்க்கிழமை வந்து பார்த்தேன்.

ஹம்ஸ், ஊசி. யானை முதுகு ஒரு ஓரமாக, ஊசி தனியாக. குழாயை வெளியே எடுத்து மேஜையில் வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போனேன். அவசரத்தில் பாதிக் காபி சட்டையில். திரும்பி வந்து வைத்தால் கொஞ்சம் குட்டையாக, ஆனால் அதே இடத்தில் நிற்கிறது. நாற்காலி இந்தத் தடவையும் விழுந்தது. பக்கத்தில் குதிக்க ஆளில்லை.

சாருக்கும் இன்றைக்கே தபாலில் எழுதிவிட்டேன். படம், நேரம், எல்லாம். என் கையெழுத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், அந்த வரியை அடித்தது நான் என்று. வேலை போனால் போகட்டும். அப்பாவிடம் போனில் சொன்னேன். “கரோல் பாக்கில் வாடகைக்கு வீடா கிடைக்காது? ஹம்சா பக்கத்திலயே பாரு” என்றார். நான் அழுதேன், அவர் வீட்டு புரோக்கர் நம்பரைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

உனக்கு இது ரோஷம் என்று எழுதியதற்கு உன் கையால் நாலு அறை பாக்கி.

ஜலஜா


கரோல் பாக்
19 மார்ச் 2006

அன்புள்ள ஜலஜா,

உன் கடிதம் நேற்றுதான் வந்தது. அதற்குள் இங்கே எல்லாம் முடிந்துவிட்டது. சாருக்கு நீ எழுதிய கடிதமும் அதற்கு முன்னால் வந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்; வந்திருந்தால் முகத்தில் தெரிந்திருக்கும். உன்னிடம் அந்தக் கோமாளிகள் மாதிரிச் சிவப்பு மூக்கோடு ஒரு செய்தி இருந்தது தெரியாமல் நான் எப்படி நடுங்கினேன் என்று படி.

ஹோலிக்கு முந்தின சாயங்காலம் குழாயை இறக்கினேன். ஹோலியன்று வீட்டில் உட்கார்ந்து நகம் கடித்தேன். மாடிப் பையன்கள் கலர் தண்ணீரைக் கொட்டி, பால்கனியில் காய்ந்த தாரிணியின் துணியெல்லாம் ரோஜா நிறம். மறுநாள் பொன்னம்மாள் அக்கா வரவில்லை. இவளைத் தூக்கிக்கொண்டே போனேன். சார் பார்த்துவிட்டுக் கூடவே வந்தார்.

காந்த அறை வாசலில் தர்மன் அண்ணன் மறித்தார். “மேடம், ஊக்கு!” தாலிக்கொடியில் கோத்திருந்தேன், அவசரத்துக்கு ஆகுமே என்று எல்லோரும் கோப்பது போல. அதைக் கழற்றினேன். குழந்தை சட்டையில் ஒன்று. புடவைத் தோளில் ஒன்று. கழற்றக் கழற்ற வந்துகொண்டே இருந்தது. “எத்தனைம்மா?” என்றார் சார். முதல்முறையாக அவர் சிரித்துப் பார்த்தேன். தோளில் ஊக்கில்லாமல் புடவையைப் பல்லால் கவ்விக்கொண்டு, இடுப்பில் பெண்ணோடு திரை முன்னால் நின்றேன்.

தர்மன் அண்ணன் பட்டனை அழுத்தினார்.

நின்றது, ஜலஜா. ஊசி.

சார் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். “இதை ஏன்மா அப்பவே சொல்லலை?” என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் புடவை வாயிலிருந்து நழுவியது.

அதோடு முடிந்தது என்று நினைக்காதே. மறுநாள் புதுக் கட்டுரை தயாராக இருந்தது. அதில் எழுதியிருக்கிறார்: “நீண்ட நேரக் காந்தமேற்றம் தேவைப்படும் என்று முன்னதாகவே ஊகித்து, பொடி ஓரிரவு காந்தத்தில் வைக்கப்பட்டது.”

“நாம ஊகிக்கவே இல்லையே சார். குழந்தைக்கு ஜுரம்னு நான் ஓடினேன்.”

“அதெல்லாம் கட்டுரையில யாராவது எழுதுவாளா? திட்டம் போட்டுப் பண்ணினதா இருந்தாத்தான் மரியாதை. உனக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்.”

“எழுதலைன்னுதானே சார் அவாளுக்குக் கோடு தட்டையா வந்தது?”

காகிதத்தை என் பக்கம் நகர்த்தினார். பிறகு, “சைன் பண்ணு ஹம்சா, பிடிவாதம் பிடிக்காதே” என்றார். அதே மேஜை, அதே பேனா.

நான் போடவில்லை. முதலில் நான் கண்டதை இல்லை என்று எழுதச் சொன்னார்கள். இப்போது நான் ஓடியதை இல்லை என்று எழுதச் சொல்கிறார்கள். இரண்டும் ஒன்றுதான். இன்னொரு லேபில் இன்னொருத்தி குழந்தைக்குப் பால் கொடுக்க ஓடுவாள். அவளுடைய வரியை இன்னொரு சிநேகிதி நல்ல எண்ணத்தோடு அடிப்பாள். அதற்கு நான் துணை போக மாட்டேன். என் வாக்கியத்தை எழுதி அவர் காகிதத்தின் மேலேயே வைத்துவிட்டு வந்தேன்:

“குழந்தையின் காய்ச்சல் காரணமாக ஆய்வாளர் வீட்டுக்குச் செல்ல நேர்ந்ததால், பொடி இரவு முழுவதும் காந்தத்தில் இருந்தது. சிக்னல் இவ்வாறு தற்செயலாகக் கிடைத்தது. பின்பு வேண்டுமென்றே திரும்பச் செய்து உறுதிப்படுத்தப்பட்டது.”

உனக்கும் சார் தன் பிரதியை அனுப்பியிருப்பார். உன் வேலை, அப்பாவின் வீடு எல்லாம் எனக்குத் தெரியும். நீ எதில் கையெழுத்துப் போட்டாலும் இந்த முறை நான் சண்டைக்கு வர மாட்டேன். சொல்லிவிட்டேனே தவிர, வருவேன் என்றுதான் நினைக்கிறேன்.

அந்த நாலு அறை கணக்கில் இருக்கட்டும். தொப்பியை அனுப்பாதே, இங்கே வெயில் வந்துவிட்டது. நீயே கொண்டு வா.

ஹம்சா


மைன்ஸ்
1 ஏப்ரல் 2006

ஹம்ஸ்,

சாருடைய பிரதி வந்தது. “முன்னதாகவே ஊகித்து” என்ற வரியை அடித்தேன். அடிப்பதில்தான் எனக்கு அனுபவம் உண்டே. அதற்கு மேலே உன் வாக்கியத்தை ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் எழுதினேன். “காய்ச்சல்” வரும் இடத்தை மட்டும் என் கையெழுத்தில் அவர் படிக்க முடியாமல் முழிப்பார், முழிக்கட்டும்.

அதை இன்றைக்கு உனக்கே தபாலில் அனுப்புகிறேன், அவருக்கு இல்லை. என் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். போன தடவை நான் முந்திக்கொண்டேன். இந்தத் தடவை நீ முதலில் போடு. அதைப் பார்த்த பிறகுதான் நான் பேனாவைத் திறப்பேன்.

ஜலஜா